ஒரு நாள் முந்திப் பறித்த கீரை

லேர்,
நவம்பர் 30, அட்வெண்ட் முதல் ஞாயிறு, பிற்பகல்

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய டலேயா சித்திக்கு,

ஃபென்னா எழுதிக்கொள்வது. நானும் ஹாரோவும் இங்கே நலம். உங்கள் புதிய இடுப்பு மூட்டும் சொன்ன பேச்சைக் கேட்டு நடந்துகொள்கிறது என்று நம்புகிறேன். சிகிச்சை இல்லத்தில் தேநீரை இலை போட்டுக் காய்ச்சாமல் பையோடு தருகிறார்கள் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்து வருந்தினோம். உங்களை நடக்கவைக்கும் அந்த இளைஞரிடம் மட்டும் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். அவர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், உங்கள் பாத்தியில் ஏறிய நத்தை அல்ல.

போனில் நீங்கள் "தோட்டம் எப்படி இருக்கு?" என்று மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் "இருக்கு" என்றேன். அது பொய் இல்லை, சுருக்கம். மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவளுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். விரிவை இப்போது எழுதுகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தி அமைதி தோட்டச் சங்கத்தின் முப்பத்தொன்றாம் எண் தோட்டம், நீங்கள் இருபத்தாறு வருஷம் வைத்திருந்த அந்தத் தோட்டம், அநேகமாக நம் கையை விட்டுப் போய்விட்டது. குத்தகையை என் பெயருக்கு மாற்றச் சொல்லி ஆகஸ்டில் நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். ஒரு இலையுதிர்காலம் இவளைப் பார்க்கிறோம், கேல் கீரை விருந்து முடிந்ததும் சொல்கிறோம் என்று தலைவர் ஓன்கன் சொன்னார். பார்த்துவிட்டார்கள். நிர்வாகக் குழு புதன்கிழமை கூடுகிறது. காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்தாறு பேர் இருக்கிறார்கள், அதில் முதல் ஆள் இன்று காலை வேலிக்கு வெளியே நின்று காலடியால் நீளம் அளந்துகொண்டிருந்தார்.

நான் இந்தத் தோட்டத்தைக் கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன். மண் என்பது என்னைப் பொறுத்தவரை நகத்துக்குள் போகும் ஒரு பொருள். உங்களால் குனிய முடியாது, வேறு ஆளும் இல்லை, அதனால் ஒப்புக்கொண்டேன். தினமும் அலுவலகம் போகும் முன் இருபது நிமிஷம் அங்கே போய்வந்தது கடமைக்காக. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு மணி நேரம் ஆனது, கடமை கொஞ்சம் கூடிவிட்டதால்.

போன பிப்ரவரியில் நீங்கள் ஐந்து தட்டு கேல் கீரையும் ஏழு தொத்திறைச்சியும் சாப்பிட்டுக் கேல் ராணியாக முடிசூட்டப்பட்டீர்கள். மகிழ்ச்சி. ஆனால் ராணியானவர் அடுத்த விருந்துக்குத் தன் சொந்தப் பாத்தியிலிருந்து இருபத்துநான்கு பேருக்குக் கீரை சமைத்துப் போட வேண்டும் என்பதும், சங்கத்தின் வாசல் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, ஓன்கன் வாயால் "உறைபனி" என்று சொன்ன பிறகுதான் அந்தக் கீரையில் கத்தி வைக்கலாம் என்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ராணி இடுப்பை மாற்றிக்கொண்டு கடற்கரைச் சிகிச்சை இல்லத்துக்குப் போய்விட்டார். இந்த வருஷம் பார்த்தா விருந்தையும் நவம்பர் கடைசி சனிக்கிழமைக்கு முன்தள்ள வேண்டும்? தள்ளினார்கள். நாற்பது செடியும், புறா வராமல் மேலே கட்டிய ஒரு வலையும் என் பொறுப்பில் இருந்தன.

வலை போனது வாத்தினால். நவம்பர் பதினொன்று, வாத்து சமைக்கும் மார்ட்டின் திருநாளுக்கு ஹாரோவின் அப்பா அம்மா வந்தார்கள். ஐந்து கிலோ வாத்து, வயிற்றுக்குள் ஆப்பிளும் செஸ்நட்டும் அடைத்தாயிற்று, கட்டுவதற்கு நூல் இல்லை. "ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஹாரோ சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான், முக்கால் மணி நேரம் கழித்து நல்ல பச்சைக் கயிறு ஒரு சுருளோடு வந்தான். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "தோட்டத்துல சும்மா இருந்துச்சு" என்றான். எனக்கு அப்போது வாத்தைத் தவிர எதுவும் முக்கியமில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அடுப்பிலிருந்து எடுத்தால் வாத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பச்சைக் கோடு, ஆபரேஷன் முடிந்து வந்த ஆள் மாதிரி. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது என்னம்மா, மூலிகையா?" என்றார். ஆமாம் என்றேன். கோட்டுப் பகுதியை விலக்கி வைத்துவிட்டு மற்றதைச் சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லை. வாத்துக் கொழுப்பு மூன்று ஜாடி கிடைத்தது. இந்த நவம்பரில் எனக்குக் கிடைத்த நல்லது அது ஒன்றுதான்.

பிறகு மூன்று நாள் விடாத மழை, வாத்து மிச்சம், வாத்து சூப், வாத்து மிச்சத்தின் மிச்சம். நான்காம் நாள் தோட்டத்துக்குப் போனேன். கயிறு சும்மா இருக்கவில்லை சித்தி, வலையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. வலை சேற்றில் கிடந்தது. உள்ளே காட்டுப் புறாக்கள். என்னைப் பார்த்ததும் பறக்கவில்லை, பறக்க முடியாத அளவுக்குத் தின்றிருந்தன, நடந்தே வெளியே போயின. எண்ணிப் பார்த்தேன். நாற்பதில் பதினேழு மிச்சம்.

அன்று மாலைதான் சங்கக் கூட்டம். நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். வழக்கமாகப் பேசாமல் இருப்பவள்தான் நான், உங்களுக்கே தெரியும். ஆனால் ஓன்கன் எழுந்து நின்று, உறைபனி பட்டால்தான் கேல் இனிக்கும், படாத கேல் மாட்டுத்தீனி என்று வருஷா வருஷம் சொல்வதைச் சொன்னார். புறா விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே மனசு சரியில்லை. கையைத் தூக்கினேன். இனிப்பு உறைபனியால் வருவதில்லை, வாரக்கணக்கில் குளிர் இருந்தால் செடி மெதுவாக வளரும், அப்போது இலையில் சர்க்கரை சேரும், ஒரு இரவு பூஜ்யத்துக்குக் கீழே போவதும் போகாததும் ஒன்றுதான், இதை அளந்து பார்த்தே எழுதியிருக்கிறார்கள் என்றேன். 

"அப்போ எங்க அப்பா, அவரோட அப்பா, எல்லாரும் முட்டாள்னு சொல்றீங்களா டாக்டரம்மா?" என்றார் ஓன்கன். பதினேழாம் நூற்றாண்டு மதகுக் கணக்குகளைப் பற்றி நான் வாங்கிய பட்டத்தை அவர் இப்படித்தான் மரியாதை செய்கிறார்.

"முட்டாள்னு சொல்லலை. அளந்து பார்க்கலைன்னு சொன்னேன்."

"நாக்கால அளந்தாங்க."

முப்பதாம் எண் தோட்டத்து ஐபன் அம்மா, நம் வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர், பின்னல் ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "விடுங்க தலைவரே. படிச்ச பொண்ணு. சாப்பாடு போட்டா சரியாயிடும்."

சாப்பாடு போட வேண்டியவள் நானேதான் என்பதை யாரும் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு உறைபனி வரவே இல்லை. தினம் காலை வாசல் வெப்பமானியைப் பார்க்க ஒரு சின்னக் கூட்டமே நின்றது. நான்கு டிகிரி. ஐந்து டிகிரி. ஒரு நாள் ஒன்பது, அன்று ஓன்கன் வெப்பமானியை விரலால் தட்டிப் பார்த்தார். விருந்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, இன்னும் பத்து நாளைக்கு உறைபனி இல்லை என்று வானொலியில் சொன்னார்கள். கேல் கீரை சமைக்க இரண்டு நாள் வேண்டும். உருவி, அலசி, நறுக்கி, வேகவைத்து, ஆறவைத்து, மறுபடி சூடு பண்ணினால்தான் அது கேல். இருபத்துநான்கு பேர் தட்டோடு வந்து உட்காருவார்கள். வெறும் தொத்திறைச்சியைப் போட்டு, வானிலை சரியில்லை என்று சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்கள். அதுவும் எனக்கு அந்தப் பனியில் நம்பிக்கையும் இல்லை. நம்பிக்கை இல்லாத ஒன்றுக்காக நான் ஏன் காத்திருக்கணும்? பிற்பகல் மூன்று மணி, தூறல், ஆள் நடமாட்டம் இல்லை. அலுவலகத்தின் அட்டைப் பெட்டிகள் நாலைந்து எடுத்துக்கொண்டு போய்ப் பறித்துவிட்டேன். வேலிக்கு மேலே ஐபன் அம்மாவின் தொப்பி தெரிந்தது.

"என்ன பண்றே?"

"ஆவணம் எடுத்துட்டுப் போறேன்."

"ஈரமா இருக்கு போல."

"பழைய ஆவணம்."

"சரி சரி" என்றார், தொப்பி இறங்கியது.

இனிமேல் வருவதை எழுதக் கை வரவில்லை. நம் பக்கத்தில் பாதிப் பேர் கேல் கீரையை வாஷிங் மெஷினில் அலசுகிறார்கள், மீதிப் பேர் நாங்கள் அப்படிச் செய்வதில்லை என்று சொல்கிறார்கள். நான் மீதிப் பேரில் ஒருத்தி. பதினேழு செடிக் கீரையைக் குளியல் தொட்டியில் போட்டு மண் போக அலச ஆரம்பித்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, உங்களையும் நினைத்துக்கொண்டேன். ஹாரோ வந்து பார்த்தான். "எங்கம்மா முப்பது வருஷமா மெஷின்லதான் போடறாங்க. பச்சைத் தண்ணி, கம்பளிக்கு வைக்கிற மாதிரி மெதுவா. சோப்பு போடக்கூடாது, அவ்வளவுதான்" என்றான். அவன் ரயில் பாலத்தைத் தூக்கி இறக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவன், இயந்திரம் என்று சொன்னால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. சோப்பு போடவில்லை. அது உண்மை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை திரைச்சீலை துவைக்கிறேன் என்று ஆரம்பித்து, துணிக்கு வாசனை ஏற்றும் திரவத்தை அதன் அறை நிறைய ஊற்றிவிட்டு, கால்பந்து ஆட்டம் ஆரம்பித்ததும் திரைச்சீலையை மறந்துபோனவன் யார்? நாற்பது நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்தால் வீடு முழுக்க லாவெண்டர்.

ஏழு தடவை அலசினேன். ஒரு கைப்பிடியை வாத்துக் கொழுப்பில் வதக்கிப் பார்த்தேன். துணி அலமாரியை மென்று விழுங்கியது போல இருந்தது. ஹாரோவும் வாயில் போட்டுக்கொண்டான், ரொம்ப நேரம் மென்றான். "மோசமில்லை" என்றான். பிறகு, "ஒரு மாதிரி சுத்தமா இருக்கு" என்றான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குச் சங்கத்தின் கைபேசிக் குழுவில் ஓன்கனின் செய்தி: "உறைபனி. மைனஸ் ஒன்றரை. கத்தி எடுக்கலாம்." ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புல் வெளுத்துக் கிடந்தது. ஒரே ஒரு நாள், சித்தி.

நம் ஊர்க் கடைக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிப் போனேன். உறைந்த கேல் பாக்கெட் பதினைந்து வாங்கினேன், இருந்ததே அவ்வளவுதான். கல்லாவில் இருந்த பெண் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே, "விருந்தா?" என்றாள். ஆமாம் என்றேன். "வீட்டுத் தோட்டத்துல போடலையா?" என்றாள். "போட்டிருக்கோம்" என்றேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை, அந்தக் கண்ணியத்தை நான் மறக்க மாட்டேன். இரண்டு நாளாகச் செய்ய வேண்டியதை ஒரு நாளில் செய்தேன். வெங்காயம், வாத்துக் கொழுப்பு, கடுகு, பன்றிக் கன்னக் கறி, ஓட்ஸ் அடைத்த தொத்திறைச்சி. நன்றாகவே வந்தது. அதுதான் வினையே.

நேற்று மத்தியானம் வழக்கம்போலத் கைவண்டியில் சாராயத்தை வைத்து இழுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு, எல்லாரும் சங்கக் கட்டடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். நம் பாத்தி அங்கிருந்தே தெரியும், இலை உருவிய பதினேழு தண்டும் கண்ணுக்குத் தெரிந்த சாட்சிகளாக நின்றன. முதல் தட்டு போனது. இரண்டாம் தட்டு போனது. பேச்சு நின்று மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. ஓன்கன் மூன்றாவது தட்டை வாங்கிக்கொண்டார். அவர் பக்கத்தில் மேஜை மேல் நம் குத்தகைத் தாள் இருந்தது, அதன் மேல் பேனா, மூடி கழற்றி. எழுந்து நின்றார்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி டாக்டரம்மா இதே இடத்துல என்ன சொன்னாங்க? பனிக்கும் ருசிக்கும் சம்பந்தமில்லைன்னாங்க. இப்போ எல்லாரும் நாக்குல வெச்சுப் பாருங்க. நேத்து விழுந்த பனி, இன்னைக்குத் தட்டுல. இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி வேணும்? பரவாயில்லை, சின்னவங்க, கத்துக்கிட்டாங்க. அதனால முப்பத்தொன்றாம் எண் தோட்டத்தை..."

ஹாரோ மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். வாயை மூடிக்கொண்டிரு என்று அர்த்தம், எனக்கும் புரிந்தது. பேனாவுக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. ஆனால் சித்தி, பொய்யான ஆதாரத்தை வைத்து, இருபத்துநான்கு பேர் முன்னால், தப்பான முடிவுக்கு வருகிறார் அந்த மனுஷர். நான் சமைத்த கீரையையே எனக்கு எதிராகச் சாட்சிக்கு இழுக்கிறார். எப்படி உட்கார்ந்திருப்பது? எழுந்துவிட்டேன்.

"மன்னிக்கணும் தலைவரே. அந்த முடிவுக்கு இந்தத் தட்டு ஆதாரம் ஆகாது."

"என்னது?"

"இது அக்டோபர் முதல் வாரத்துல அறுத்த கீரை. பாக்கெட்ல தேதி போட்டிருக்கு. நின்ன இடத்துல பனி படவே இல்லை. படாமலே உங்களுக்கு மூணு தட்டு இறங்குது."

"பாக்கெட்டா?"

"கடையில வாங்கினேன்."

யாரோ முள்கரண்டியைக் கீழே போட்டார்கள். ஐபன் அம்மா என் பக்கம் சாய்ந்து, "எந்தக் கடை?" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்ததும், "சும்மா தெரிஞ்சுக்கலாம்னு" என்று பின்னலை எடுத்துக்கொண்டார்.

"அப்போ தோட்டத்துக் கீரை?" என்றார் ஓன்கன்.

"பறிச்சுட்டேன். வியாழக்கிழமை."

"வியாழனா."

"வியாழன்."

அவர் உட்கார்ந்தார். தட்டில் இருந்ததைப் பார்த்தார். வீணாக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார். பிறகு பேனாவை மூடி சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "புதன்கிழமை குழு பேசும்" என்றார். இந்த வருஷம் யாருக்கும் முடிசூட்டவில்லை.

வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் ஹாரோ சொன்னான், "நீ ஜெயிச்சுட்டே."

"ஆமா."

"தோட்டம் போச்சு."

"ஆமா."

இன்று காலை என் பொருட்களை எடுத்துவரப் போனேன். ஒரு மண்வெட்டி, ரப்பர் காலணி, கையுறை, வேறென்ன. உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அக்டோபரில் பின்மூலையில் பூண்டு நட்டிருந்தேன், அறுபது பல். நீங்கள் பூண்டு வேண்டாம் என்பீர்கள் என்று சொல்லவில்லை. அது விரல் நீளம் முளைத்து, பனியில் வெள்ளை பூசிக்கொண்டு வரிசையாக நின்றது. ஜூலையில்தான் பிடுங்க முடியும். அதை யார் பிடுங்குவார் என்று தெரியவில்லை. அளந்துகொண்டிருந்த அந்த ஆள் பூண்டு சாப்பிடுகிறவர் மாதிரி தெரியவில்லை. மண்வெட்டியை எடுக்காமலே வந்துவிட்டேன், கனமாக இருந்தது.

இருபத்தாறு வருஷம் நீங்கள் காப்பாற்றியதை மூன்று மாதத்தில் தொலைத்ததற்கு மன்னியுங்கள். நான் கேட்காத தோட்டம்தான், அதனால் எனக்கு வருத்தம் இல்லை, உங்களை நினைத்துத்தான். ஓன்கனுக்கு போன் செய்ய வேண்டாம், அவரை நீங்கள் திட்டினால் நம் பக்கம் இன்னும் பலவீனமாகும். என் வாதம் தப்பில்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பக்கத்து அறை அம்மாவிடம் சீட்டாட்டத்தில் தொடர்ந்து ஜெயித்து அவர் மனதை நோகடிக்காதீர்கள். ஹாரோ வணக்கம் சொல்கிறான், சொல்லத் தகுதி இல்லை என்றும் சொல்கிறான். கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் இந்த அட்வெண்ட் வாரங்களில் உங்கள் ஜன்னலில் நான்கு மெழுகுவர்த்தியும் எரிய, நீங்கள் கோல் இல்லாமல் நடந்து வர விரும்பும்,

உங்கள்
ஃபென்னா

பின்குறிப்பு (வியாழக்கிழமை): இந்தக் கடிதம் திங்கட்கிழமையே போயிருக்க வேண்டும். இன்று காலைவரை ஹாரோவின் கோட்டுப் பையில் இருந்திருக்கிறது. முதல்முறையாக அவன் மறதிக்கு நன்றி சொல்கிறேன்.

நேற்று மாலை குழுக் கூட்டம் முடிந்ததும் ஓன்கன் நேரே நம் வீட்டுக்கு வந்தார். தேநீர் வைத்தேன். மூன்று கோப்பை குடித்தார். பிறகு சொன்னார். என்னைப் பாடமாக வைத்து மற்றவர்களைத் திருத்தலாம் என்று நினைத்து, கடந்த பத்து வருஷத்தில் விருந்துக்கோ வீட்டுக்கோ பாக்கெட் கேல் பயன்படுத்தியவர்களும் பனிக்கு முன் பறித்தவர்களும் பெயர் போட்டு எழுதி சங்கத்துப் பெட்டியில் போட வேண்டும் என்று திங்கட்கிழமை மற்றவர்களிடம் அறிவித்திருக்கிறார். ஒரு தாளும் வராது என்று அவர் கணக்கு. சங்கத்தில் மொத்தம் முப்பத்துநான்கு தோட்டம். இருபத்தொன்பது தாள் வந்திருக்கிறது. ஐபன் அம்மா மட்டும் இரண்டு பக்கம் எழுதி, எந்தக் கடைப் பாக்கெட்டில் தண்டு குறைவு என்று பட்டியலும் போட்டிருக்கிறார்.

"எல்லாரையும் வெளியே அனுப்பினா சங்கத்துல யார் இருப்பாங்க?" என்றார் ஓன்கன். "நானும் புறாவும்."

"நீங்களாவது இருப்பீங்களே" என்றேன்.

அவர் கோப்பையைப் பார்த்தார். "அதுல ஒரு தாள் என் வீட்டுக்காரி எழுதினது."

"எந்த வருஷம்னு போட்டிருக்காங்க?"

"எல்லா வருஷமும்."

 அவரே குத்தகைத் தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார், பேனாவையும் வைத்தார். கையெழுத்துப் போட்டேன். வாசலில் காலணி மாட்டும்போது, "பனி விஷயத்துல நீங்க சொன்னது இப்பவும் தப்புதான்" என்றார். பரவாயில்லை என்றேன்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் ரத்து செய்கிறேன். தோட்டம் போகவில்லை. எனக்கு அது வேண்டாம் என்று நான் எழுதிய இடங்கள் எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படியுங்கள். இன்று ஹாரோ போனில் இன்னொன்று சொன்னான். மூட்டு பிரமாதமாகப் பொருந்திவிட்டது, மார்ச்சில் உங்களால் கொத்தவே முடியும், அதனால் குத்தகையை மாற்ற வேண்டாம், பழையபடி நீங்களே பார்த்துக்கொள்கிறீர்கள் என்று அவனிடம் சொன்னீர்களாம். கேட்டு மிகவும் மகிழ்ச்சி. கையெழுத்து ஆகிவிட்டது, சித்தி. அவசியம் வாருங்கள். நாற்காலி போடுகிறேன், கம்பளி போர்த்திவிடுகிறேன். பின்மூலைப் பக்கம் மட்டும் போகாதீர்கள், அங்கே பூண்டு இருக்கிறது.